கடிதத்தை நம்பின சுவாமி

அல்பேட் சுவாமியை இப்போது யாரும் சுவாமி என்று கூப்பிடுவதில்லை. தமிழ்ச் சனம் "எம்.பி" என்கிறது. அவர் எம்.பி கிடையாது, கியூபெக் மாகாண சட்டசபையில் பின்வரிசையில் குந்தியிருக்கிற ஒரு உறுப்பினர். ஆனால் நம்முடைய சனத்துக்குத் தேர்தலில் வென்றவன் எல்லாம் எம்.பிதான். நாட்டுப் பாராளுமன்றம் இருக்கிற ஒட்டாவாவும் ஒன்றுதான், கியூபெக்கும் ஒன்றுதான். அந்தப் பிழையைச் சனம் விட்டால் பொறுக்கலாம். இலத்தீனும் பிரெஞ்சும் படித்த மனிதர், அவரே விட்டார். அதுதான் வயிற்றெரிச்சல்.

விடாமல் சுவாமி என்று கூப்பிட்டது ஒரே ஒரு ஆள், மன்னார் அல்போன்சம்மா. அவவின் கடைக்குட்டி றஜிந்தனைக் கனடாவிலிருந்து திருப்பி அனுப்பாமல் காப்பாற்றத்தான் மனிதன் குருவானவரின் அங்கியைக் கழற்றினார். ஊருக்கு வேறு காரணம் சொன்னார், சமூக நீதி, தமிழருக்கு ஒரு குரல், அது இது என்று. மனதுக்குள் இருந்தது அந்த ஒரு பெடியன்தான்.

அது இன்று நேற்றுத் தொடங்கின கதை இல்லை. அல்பேட் மன்னார்ப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்கு உதவிப் பங்குக்குருவாகப் போனபோது வயது முப்பத்தொன்று. நெடுவல் ஆள், கறுத்த முகத்தில் எந்நேரமும் ஒரு சிரிப்பு. பெடியளோடு கரப்பந்து அடிப்பார். பிரசங்கம் பத்து நிமிசத்துக்கு மேலே போகாது, அதற்காகவே சனத்துக்கு அவரைப் பிடிக்கும். இரண்டாயிரத்து ஏழில் ஒருநாள் விடியப்புறம் ஆமிக்காரர் சுற்றிவளைத்து ஏழு பெடியளைக் கொண்டுபோனார்கள். அதில் ஒருவன் அல்போன்சம்மாவின் மூத்தவன் யோசெப். பத்தொன்பது வயது, வலை பொத்துகிற வேலை.

சுவாமி வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார். வெயிலில் நிற்க வைக்கவில்லை. மரியாதையாகக் கூட்டிக்கொண்டுபோய்க் கதிரை போட்டார்கள், பால் தேத்தண்ணி கொடுத்தார்கள். பொறுப்பாக இருந்தவன் வந்து, "ஃபாதர், நீங்கள் சொல்லுற பேரில இங்க ஒருத்தரும் இல்லை" என்றான். அந்த நேரம் ஒரு வான் வந்து நின்றது. ஒரு அரசியல்வாதியின் செயலாளர் இறங்கினான், கையில் முத்திரை குத்தின கடிதம் ஒன்று. பத்து நிமிசம் போயிருக்கும். அதே ஏழு பேரில் ஒருவன், மீன் முதலாளியின் மருமகன், கிழிந்த சட்டையோடு உள்ளேயிருந்து நடந்து வந்து வானில் ஏறினான். சுவாமியின் கையில் தேத்தண்ணி பாதி அப்படியே இருந்தது.

"அங்கிக்குக் கதிரை தருவாங்கள். கடிதத்துக்குத்தான் ஆளைத் தருவாங்கள்." அன்றைக்கு அல்போன்சம்மாவின் முற்றத்தில் நின்று அவர் சொன்னது இது. பிறகு எத்தனையோ வருசம் எத்தனையோ பேரிடம் சொன்னார். சொல்லிச் சொல்லியே அதை வேதவாக்கு ஆக்கிப்போட்டார்.

யோசெப் திரும்பி வரவில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று கந்தோரிலிருந்து வந்தவர்களை அல்போன்சம்மா படலைக்குள் விடவில்லை. கோயிலில் பூசைக்குப் பெயர் எழுதுகிற கொப்பியில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று உயிரோடு இருக்கிறவர்களின் சுகத்துக்கு, மற்றது இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கு. வருசாவருசம் அந்தத் திகதிக்கு அவ வந்து யோசெப்பின் பெயரை முதல் பக்கத்தில் எழுதுவிப்பா. "சுகமா இருக்கோணும், கெதியா வரோணும் எண்டு எழுதுங்கோ சுவாமி." அல்பேட் எழுதுவார். பீடத்தில் நின்று குரல் தளும்பாமல் வாசிப்பார். மற்றப் பக்கத்துக்கு மாற்றச் சொல்லி அவர் ஒருநாளும் அவவிடம் கேட்டதில்லை. அவர் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

பிறகு மொன்றியல். தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஒரு குரு வேண்டுமென்று அவரை இங்கே அனுப்பினார்கள். ரொக்ஸ்பரோவில் இருக்கிற மகள் மெலனி கூப்பிட்டு அல்போன்சம்மாவும் இரண்டு வருசம் கழித்து வந்து சேர்ந்தா. சென்ட் லோரன்டில் பிரெஞ்சுக்காரரின் பெரிய கல்லுக்கோயில். காலையில் அவர்களின் பூசை, பின்னேரம் எங்களுடையது. பதினொரு வருசம் அல்பேட் அந்தக் கோயிலைச் சுற்றியே ஓடித்திரிந்தார். பனிக்காலத்தில் யாருடைய கார் பற்றரி செத்தாலும் முதல் போன் சுவாமிக்குத்தான். ஆஸ்பத்திரியில் பிரெஞ்சு கதைக்கவும் அவர்தான், புருசன் பெண்சாதி சண்டைக்கும் அவர்தான். பிரெஞ்சுக் கிழவிகளின் செத்தவீட்டுக்கும் கேளாமலே போய் நிற்பார். அந்தக் கோயில் கதவுத் திறப்பு அவருடைய இடுப்புப் பட்டியில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

றஜிந்தன் வந்தது கடைசியாக. அண்ணனைக் கொண்டுபோனவர்களின் பெயரை ஒரு விசாரணைக் குழுவின் முன்னால் எழும்பி நின்று சொன்னவன் அவன். அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாடு நாடாகச் சுற்றி இங்கே வந்து அகதிக்குக் கேட்டான். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலை. விசாரித்த அதிகாரிக்குத் திகதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையாம். நம்பவில்லை. மேன்முறையீடும் போனது.

அந்த வருசம்தான் அந்தத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. ஒரு கட்சிக்காரன் பூசை முடிந்த நேரம் மண்டபத்துக்குள் வந்து, மீன் றோல் ஒன்றைக் கடித்துக்கொண்டு சனத்தை எண்ணுகிற மாதிரிப் பார்த்தான்.

"இவ்வளவு பேரும் நீங்கள் சொன்னால் கேட்பார்களா, ஃபாதர்?"

"பூசைக்கு நேரத்துக்கு வாங்கோ எண்டு பதினொரு வருசமாச் சொல்லுறன். அதையே கேட்கேல்லை."

கட்சிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். போகும்போது ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனான். அல்பேட் அதை இரண்டு கிழமை பூசைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த வான்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. முத்திரை குத்தின கடிதம். பத்து நிமிசம்.

ஆயரிடம் போனார். ஆயர் வயதான பிரெஞ்சுக்காரர், கத்தாமல் கதைக்கிற ஆள். "குருவானவர் அரசாங்கப் பதவிக்குப் போக ஏலாது. திருச்சபைச் சட்டம் உங்களுக்குத் தெரியும்" என்றார்.

"ஒரு தவணை மட்டும், ஆண்டகை."

"உங்களிடம் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது, ஃபாதர்."

அல்பேட் கேட்கவில்லை. தேர்தலுக்கு நிற்கிறேன் என்று கோயில் திறப்பைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் ஆயரின் கடிதம் வந்தது. பூசை வைக்கக்கூடாது, பிரசங்கம் கூடாது, பாவசங்கீர்த்தனம் கேட்கக்கூடாது. சாகிற ஆபத்தில் இருக்கிற ஆளுக்கு மட்டும் பாவமன்னிப்புக் கொடுக்கலாம், அதை எந்த ஆயரும் தடுக்க ஏலாது.

அல்போன்சம்மா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தா. "அப்ப நான் சாகக் கிடந்தா வருவியள்?"

"நீங்கள் என்னைப் புதைச்சுப்போட்டுத்தான் போவியள்."

"அப்ப எனக்கு எம்.பியால ஒரு பிரயோசனமும் இல்லை" என்றுவிட்டு அவ அடுப்படிக்குப் போனா. அந்த நாள் அந்த வீட்டில் எல்லோரும் சிரித்த நாள். றஜிந்தன்கூடச் சிரித்தான்.

தேர்தல் வேலையை ஆனந்தராசா எடுத்துக்கொண்டார். கோட்-வெர்டு மெட்ரோவுக்குப் பக்கத்தில் டெப்பானர் என்கிற சில்லறைக் கடை வைத்திருக்கிற சைவக்காரர். "நாங்கள் பிள்ளையார் கட்சி, சுவாமி. எண்டாலும் உங்களுக்குத்தான் போடுறம். பிள்ளையார் இந்த ஊரில எலெக்சன் கேட்கேல்லை" என்று கடைக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கால் வென்றார்கள். அன்றைக்கு அல்போன்சம்மா பெரிய சட்டியில் கேசரி கிண்டினா. ஆனந்தராசா றஜிந்தனின் தோளில் அடித்து, "இனி உன்னைத் தொட்டுப் பார்க்கட்டும் பார்ப்பம். எம்.பி வீட்டுப் பிள்ளையடா நீ!" என்றார். அல்பேட் வாயைத் திறந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன மாசி மாதம் றஜிந்தனுக்குக் கடிதம் வந்தது. பங்குனி இருபத்தேழாம் திகதி, பின்னேரம் நாலு மணி, டோர்வல் விமான நிலையத்துக்கு வரவேண்டும். பயணப் பை ஒன்று கொண்டுவரலாம்.

அல்பேட் அன்றைக்கே குடிவரவு அமைச்சருக்கு எழுதினார். சட்டசபைத் தலைப்புப் போட்ட தடித்த தாள், மேலே முத்திரை. மூன்று பக்கம். யோசெப்பைப் பற்றி, விசாரணைக் குழுவைப் பற்றி, வீட்டுக்கு வந்த ஆட்களைப் பற்றி, ஒன்றும் விடாமல் எழுதினார். கையெழுத்து வைக்கமுன் மூன்றுதரம் வாசித்தார். பதினெட்டு வருசமாக எழுதக் காத்திருந்த கடிதம் அல்லவா.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நாலே வரி. மாண்புமிகு உறுப்பினரின் அக்கறைக்கு நன்றி. இந்த விடயம் மாகாண சட்டசபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. கோப்பு மூடப்பட்டது.

ஒட்டாவா எம்.பியின் கந்தோருக்கு ஓடினார். அது வேறு கட்சி. செயலாளர் பிள்ளை நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்தாள். அதோடு சரி. தன்னுடைய கட்சித் தலைவரைக் கண்டு கேட்டார். தலைவர் தோளில் தட்டி, இது உணர்ச்சிகரமான விடயம், பத்திரிகைக்குப் போகவேண்டாம் என்றார்.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்க ரொக்ஸ்பரோவில் மெலனி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னார். மெலனி பிள்ளையைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"எம்.பியின்ர கடிதம் இப்ப எங்க கிடக்கு?"

"மெலனி, ஆக்களை அனுப்புறது ஒட்டாவாவின்ர கையில. எங்கட சபைக்கு அதில..."

"இது எலெக்சன் கேட்கேக்க தெரியாதோ?"

"தெரியும்."

"தெரிஞ்சே?"

"சட்டம் தெரியும். எண்டாலும் அப்பிடி ஒரு தாளைக் கண்டா ஒருத்தன் எண்டாலும் போனை எடுப்பான் எண்டு நினைச்சன்."

"இதென்ன மன்னாரோ?"

மெலனி சப்பாத்தைக் கழற்றி மூலையில் எறிந்தாள். "வேற இடங்களில திருப்பி அனுப்ப இருந்த ஆக்களைக் கோயிலுக்குள்ள வைச்சிருந்தவையாம், மாசக்கணக்கா. உள்ள போய்ப் பிடிக்கமாட்டாங்களாம். சட்டம் இல்லையாம், வழக்கமாம். என்னோட வேலை செய்யிற ஒருத்தி சொன்னவள்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "ஒரு சுவாமி கதவைத் திறந்து விட்டாப் போதுமாம்."

அல்பேட்டின் கை தன்பாட்டில் இடுப்புப் பட்டிக்குப் போனது. அங்கே ஒன்றும் தொங்கவில்லை.

மற்ற நாள் கோயிலுக்குப் போனார். இப்போது அங்கே இருப்பது ஜெறோம் சுவாமி, யாழ்ப்பாணத்துப் பெடியன், வந்து எட்டு மாதம். மரியாதை தெரிந்தவன். பூசை உடுப்பு மாற்றுகிற அறையில் கதிரை இழுத்துப் போட்டான். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டான். அல்பேட் கதிரையில் இருக்கவில்லை.

"நாலைஞ்சு மாசம், ஜெறோம். கீழ மண்டபத்துக்குப் பக்கத்து அறை சும்மாதான் கிடக்கு. சாப்பாடு நான் பார்க்கிறன்."

"அண்ணை, என்ர கையில இருந்தா இப்பவே கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லுவன். பிரெஞ்சுக்காரரின்ர கோயில் சபை சம்மதிக்கோணும். நேற்று மெலனி அக்கா போன் பண்ணினவுடன நான் கேட்டுப் பார்த்திட்டன். ஏலாது எண்டிட்டினம்."

"ஏனாம்?"

ஜெறோம் மேசை விரிப்பை இழுத்து நேராக்கினான். "நீங்கள் போன பிறகு ஆயர் எழுதிப்போட்டார், இந்தக் கோயிலுக்குள்ள அரசியல் வாடை ஒண்டும் வரக்கூடாது எண்டு. இப்ப ஒரு பெடியனை உள்ள வைச்சா, எம்.பிதான் வைச்சவர் எண்டு பேப்பரில வரும். அதுக்குப் பயப்பிடினம்."

"நான் ஒதுங்கி நிற்கிறன். வரவே மாட்டன்."

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் இங்க இருந்திருந்தா அவை மறுபேச்சில்லாமல் ஓம் எண்டிருப்பினம். அந்த மனுசியளின்ர எல்லாச் செத்தவீட்டுக்கும் போனனீங்கள். என்ர பேர்கூட அவைக்கு வாயில வராது."

அல்பேட் வெளியே வந்து படியில் நின்றார். உருகின பனி ஊத்தையாக வீதியோரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படியில் பதினொரு வருசம் அவர்தான் உப்புத் தூவினவர், கிழவிகள் வழுக்கி விழாமல். அங்கிக்குக் கதிரைதான் என்று நினைத்துக் கழற்றினார். இந்த ஊரில் அந்த அங்கிதான் கதவு. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு கதிரையை வாங்கி வைத்திருக்கிறார், கியூபெக்கில், பின்வரிசையில்.

அல்போன்சம்மாவிடம் இதைச் சொல்லத் துணிவு வரவில்லை. "ஒண்டும் நடக்காது. இப்ப அங்க நிலைமை வேற. போய் ஒரு வருசத்தில திரும்பக் கூப்பிடலாம்" என்று மூன்று கிழமையாகச் சொன்னதையே சொன்னார். அவ தலையை ஆட்டினா. நம்பினாவா, நம்பவேண்டும் என்று நம்பினாவா, யாருக்குத் தெரியும்.

இருபத்தேழாம் திகதி அல்பேட்தான் காரில் கொண்டுபோனார். மெலனி வரவில்லை. அந்த இடத்தில் நின்று பார்க்கத் தன்னால் ஏலாது என்று வாசலிலேயே தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு உள்ளே போய்விட்டாள். அல்போன்சம்மா பின்சீற்றில், மடியில் மீன் கட்லட் பெட்டி.

விமான நிலையத்தில் கந்தோர்க்காரர் கூப்பிட இன்னும் இருபது நிமிசம் இருந்தது. அல்போன்சம்மா தண்ணிப் போத்தல் வாங்கப் போனா. றஜிந்தன் பக்கத்துக் கதிரையில் கிட்ட வந்து இருந்தான். முப்பத்துமூன்று வயது, அண்ணனைவிடப் பதினாலு வயது கூடிவிட்டது. எலெக்சன் காலத்திலிருந்து "எம்.பி" என்று கூப்பிட்டு வந்தவன், அன்றைக்குத்தான் மாற்றினான்.

"சுவாமி, நான் பாவசங்கீர்த்தனம் செய்யோணும்."

"எனக்கு அனுமதி இல்லையடா தம்பி. ஜெறோம் சுவாமிக்குப் போன் அடிக்கட்டே? உடன வருவார்."

"சாகிற ஆபத்தில எண்டா நீங்கள் கேட்கலாம்தானே? அம்மா சொன்னவ."

அல்பேட் அவனைப் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை, குத்தல் இல்லை. ஒரு ஆள் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டுக் காத்திருந்தான்.

மறுத்தால், உனக்கு ஒன்றும் நடக்காது என்று சொன்னதாகும். மூன்று கிழமையாகத் தாய்க்குச் சொன்ன அந்தப் பொய்யை மகனுக்கும் சொல்லி, பாவமன்னிப்பும் இல்லாமல் அனுப்பினதாகும். கேட்டால், நீ சாகத்தான் போகிறாய் என்று தன் வாயால் தீர்ப்புச் சொன்னதாகும். இருபது வருசம் குருவாக இருந்த மனிதருக்கு இதற்கு நடுவிலே ஒரு வழி தெரியவில்லை. நடுவிலே வழி இருக்கவும் இல்லை.

"சொல்லு" என்றார். தலையைக் குனிந்து காதைக் கொடுத்தார்.

என்ன சொன்னான் என்பது அவனுக்கும் கடவுளுக்கும். அதிக நேரம் எடுக்கவில்லை. முடித்துவிட்டு அந்தப் பளபளத்த நிலத்திலேயே முழந்தாளில் இருந்தான். பெட்டி தள்ளிக்கொண்டு போன சனம் ஒதுங்கி நடந்தது. அல்பேட் கையைத் தூக்கினார். பதினாறு மாதமாகத் தூக்காத கை. வசனம் மறக்கவில்லை.

"உன் பாவங்களிலிருந்து நான் உன்னை விடுவிக்கிறேன்..."

அல்போன்சம்மா தண்ணிப் போத்தலோடு திரும்பி வந்தவ அதைக் கண்டா. மகன் முழந்தாளில். சுவாமியின் கை மேலே. அவவுக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அந்தச் சட்டத்தை வைத்துப் பகிடி விட்டவவே அவதான். போத்தல் விழுந்து உருண்டது. அறுபத்தெட்டு வயது மனுசி ஓடி வந்து இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்துக் கீழே இழுத்தா.

"வேண்டாம் சுவாமி. முடிக்காதையுங்கோ. முடிக்காதையுங்கோ!"

அவருடைய கை அவவின் பிடியில் கீழே கிடந்தது. வாய் மட்டும் அசைந்தது. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே.

"ஆமென்" என்றான் றஜிந்தன். எழும்பி முழங்காலைத் தட்டினான். தாயைக் கட்டிப்பிடித்தான். கட்லட் பெட்டியைப் பைக்குள் வைத்தான். நீல உடுப்புப் போட்ட ஒருத்தி வந்து பெயரைக் கூப்பிட்டாள், பிழையாகத்தான் கூப்பிட்டாள். அவன் அவளோடு கண்ணாடிக் கதவுக்குள் போனான். திரும்பிப் பார்த்தான் ஒருதரம். கதவு சாத்தினது.

காரில் அல்போன்சம்மா முன்சீற்றில் இருந்தா. அழவில்லை. நெடுஞ்சாலை முழுக்க வாகன நெரிசல். அல்பேட் என்னென்னவோ தொடங்கினார், அங்கே ஒரு வழக்கறிஞரைத் தெரியும், மனித உரிமைக்காரருக்கு எழுதுவேன் என்று. அவ கையை லேசாக உயர்த்தினா. நிறுத்திவிட்டார்.

ரொக்ஸ்பரோவில் மெலனியின் வீட்டு வாசலில் கார் நின்றது. அவ இறங்கவில்லை. சீற்றுப் பட்டியைக் கழற்றி மடியில் பிடித்துக்கொண்டிருந்தா.

"ஞாயிற்றுக்கிழமை ஜெறோம் சுவாமியிட்டப் போறன். பூசைக்குப் பேர் குடுக்கோணும்."

"றஜிந்தனுக்கோ? நல்லது. சுகமாப் போய்ச் சேரோணும் எண்டு..."

"இரண்டு பேருக்கும். யோசெப்புக்கும் றஜிந்தனுக்கும்." அவ கார்க் கதவைத் திறந்தா. குளிர் உள்ளே வந்தது. "மற்றப் பக்கத்தில எழுதச் சொல்லப் போறன்."

"அல்போன்சம்மா! பிள்ளை இன்னும் பிளேனிலதான் இருக்கிறான்."

"நான் அவனுக்கு முதல் பக்கத்தில எழுதுவிக்கலாம் எண்டுதான் இருந்தன். நீங்கள்தானே கையைத் தூக்கினனீங்கள்."

இறங்கினா. கதவை மெதுவாகச் சாத்தினா, அடித்துச் சாத்தவில்லை. படியேறிப் போகிறபோது கைபிடியைப் பிடித்துக்கொண்டா, படியில் யாரும் உப்புத் தூவியிருக்கவில்லை. உள்ளே மெலனியின் பிள்ளை பிரெஞ்சில் எதையோ கேட்டது. கதவு மூடினது.

அல்பேட் இறங்கவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முன்னுக்கு டாஷ்போர்டில் சட்டசபையின் தலைப்புத் தாள் கட்டு ஒன்று கிடந்தது, பாதிக்கு மேல் இன்னும் வெறுந்தாள். செவ்வாய்க்கிழமை கியூபெக்கில் கூட்டம், நெடுஞ்சாலை திருத்துவது பற்றி. ஐந்து நிமிசம் கதைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.